இணையத்தில் வாங்கிய ஜீன்ஸா? முதலில் உட்புறத்தைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால், ‘4,999 ரூபாய் ஜீன்ஸ் 699-க்கு’ என்கிற விளம்பரம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. வாங்கியவர்கள் பார்சலைப் பிரித்ததும் கேட்கும் கேள்வி, ‘இது ஒரிஜினல்தானா?’ என்பது. அதற்கு விடை தேடி அவர்கள் பார்ப்பது இடுப்புக்குப் பின்னால் இருக்கும் பட்டை, பின் பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துணி, பட்டனில் பொறித்த பெயர். போலி செய்பவர் முதலில் சரியாகச் செய்து வைப்பதும் இந்த மூன்றைத்தான். துணியிலும் தையலிலும் அளவிலும்தான் அவர் காசை மிச்சம் பிடிக்கிறார். அதனால் சோதனையை அங்கிருந்து தொடங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

ஆர்டர் போடும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். பொருளின் விவரத்தில் துணிக் கலவை சதவீதத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன்’ (எலாஸ்டேன் என்பது இழுத்தால் நீளும் செயற்கை இழை) என்று எழுதியிருந்தால் அது பொறுப்பான விவரம். ‘காட்டன் பிளெண்ட்’, ‘டெனிம் லைக்ரா’, ‘டெனிம் லுக்’ என்று மட்டும் இருந்தால் விற்பவர் எதையோ சொல்லாமல் விடுகிறார். ‘டெனிம் லுக்’ என்பது டெனிமே அல்ல. பனியன் துணி போலப் பின்னப்பட்ட துணியில் நீலக் கோடுகளை அச்சடித்தது. அணிந்துகொள்ள வசதியாக இருக்கலாம், ஆனால் ஜீன்ஸ் விலை கொடுக்கத் தக்கதல்ல.

அடுத்தது துணியின் எடை. டெனிமை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வது வழக்கம். ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். 8 அவுன்ஸ் துணி 270 கிராம், 10 அவுன்ஸ் 340, 12 அவுன்ஸ் 407, 14 அவுன்ஸ் 475 என்று கணக்கு வரும். எடை கூடினால் தரம் கூடும் என்று நினைப்பது தவறு. நம் ஊர் வெயிலுக்கு 9 முதல் 11 அவுன்ஸ் துணியே போதும், 14 அவுன்ஸ் ஜீன்ஸைச் சித்திரையில் யாராலும் போட முடியாது. ஆனால் ‘ஹெவி டெனிம்’ என்று எழுதிவிட்டுச் சட்டைத் துணியில் தைத்து அனுப்புகிறார்களே, அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுச் சமையலறைத் தராசில் ஜீன்ஸை மடித்து வையுங்கள். 32 இடுப்பு, முழு நீள ஆண்கள் ஜீன்ஸ், 12 அவுன்ஸ் துணியில் தைத்தது என்றால் சுமார் 600 முதல் 700 கிராம் வரை இருக்கும். அதே அளவு ஜீன்ஸ் 400 கிராமுக்குக் கீழே நின்றால் 12 அவுன்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நூலுக்கு வருவோம். இங்கேதான் டெனிம் தன்னை மறைக்கவே முடியாது.

டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் சாயமிடாத வெள்ளை. ஒரு ஊடை நூல் மூன்று பாவு நூல்களுக்கு அடியில் போய் ஒன்றின் மேல் வரும். அதனால் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் வெளுத்தும் தெரியும், சாய்வான வரிகளும் விழும். கால் மடிப்பைப் பிரிக்க வேண்டாம். ஜீன்ஸை உட்புறமாகத் திருப்பி, தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணி விளிம்பைப் பாருங்கள். அங்கே பிசிறாக நிற்கும் ஒரு நீல நூலை ஊசி முனையால் மெல்ல இழுத்து, நகத்தால் முறுக்கைத் திருப்பிப் பிரியுங்கள். வெளியே கருநீலம், நடுவில் வெள்ளை. இந்த வெள்ளை நடுப்பகுதிதான் இண்டிகோ சாயத்தின் கையெழுத்து. பாவு நூலைக் கயிறு கயிறாகத் திரட்டி, சாயத் தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காயவிட்டு, மறுபடி முக்கி எடுப்பார்கள். தொட்டிக்குள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் சாயம் காற்றுப் பட்டதும் நீலமாகிறது. ஒவ்வொரு முக்கலிலும் சாயம் நூலின் மேல்பரப்பில்தான் படிகிறது, உள்ளே இறங்குவதில்லை. ஜீன்ஸ் துவைக்கத் துவைக்க வெளுப்பதும், உரசும் இடத்தில் வெள்ளை தெரிவதும் இதனால்தான்.

அச்சடித்த போலித் துணியில் இந்தக் கதை இருக்காது. நூல் ஒரு பக்கம் மட்டும் நீலமாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் இருக்கும். துணியை இரு கையாலும் இழுத்தால் நீலத்துக்கு நடுவே வெள்ளை விரியும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், நெய்த துணியின் குறுக்கும் நெடுக்குமான நூலுக்குப் பதிலாகப் பின்னல் கண்ணிகள் தெரியும். ஒரு எச்சரிக்கை: இந்த நூல் சோதனை நீல ஜீன்ஸுக்கு மட்டுமே. கறுப்பு ஜீன்ஸுக்குப் பெரும்பாலும் கந்தகச் சாயம் போடுவார்கள். தைத்து முடித்த பிறகு முழு ஆடையையும் சாயத்தில் முக்குவதும் உண்டு. அப்போது ஊடையும் நிறமேறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இண்டிகோவைப் பற்றி இன்னொன்று. நம்முடைய அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலமும், 1897 முதல் ஜெர்மனியில் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட நீலமும் வேதியியல்படி ஒரே பொருள்தான். இன்று கடையில் இருக்கும் ஜீன்ஸ்களில் பெரும்பாலானவை செயற்கை இண்டிகோவில் சாயமிட்டவையே. அது போலியும் அல்ல, குறையும் அல்ல. ‘சாயமே போகாத ஒரிஜினல் இண்டிகோ’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைத்தான் நம்பக் கூடாது. புது ஜீன்ஸின் உள்மடிப்பில் உலர்ந்த வெள்ளைக் கைக்குட்டையைப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். லேசான நீலம் ஒட்டினால் இயல்பு. கை முழுவதும் நீலமாகும் அளவுக்கு வந்தால், சாயமிட்ட பிறகு சரியாக அலசவில்லை என்று பொருள். அந்த ஜீன்ஸ் வெளிர்நிற சோபாவையும் பைக் சீட்டையும் வெள்ளைச் சட்டையின் ஓரத்தையும் பாழாக்கும். சிலர் சொல்வது போல உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் இண்டிகோ நிற்காது. அது உப்பால் பிடிபடும் சாயமல்ல. முதல் இரண்டு மூன்று முறை உட்புறமாகத் திருப்பி, தனியாக, குளிர்ந்த நீரில் அலசுவதுதான் வழி.

தையலைப் பார்ப்பதற்கு ஒரு ஸ்கேல் போதும். வெளியே தெரியும் கெட்டி நூல் தையலில் ஓர் அங்குலத்தை அளந்து குத்துகளை எண்ணுங்கள். ஏழு, எட்டு இருந்தால் சரி. ஐந்து, ஐந்தரை என்று இருந்தால் நூலையும் மெஷின் நேரத்தையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தையல் உட்காரும்போது பல்லிளிக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று குத்து இருந்தாலும் நல்லதல்ல. ஊசி பட்ட வரிசையிலேயே துணி கிழியும்.

அடுத்து மடிப்பு. உள்கால் தையலிலும் பின்புறம் இடுப்புக்குக் கீழே வரும் யோக் தையலிலும், இரண்டு துணி விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டது போல மடங்கி, மேலே இரட்டைத் தையல் ஓட வேண்டும். உட்புறத்தில் பிசிறு எதுவும் தெரியக் கூடாது. மலிவு ஜீன்ஸில் வெறும் ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் நூலைச் சுற்றித் தைப்பது) அடித்துவிட்டு, இரட்டைத் தையல் போலத் தெரிய மேலே ஒரு அலங்காரத் தையல் மட்டும் ஓட்டியிருப்பார்கள். ஜீன்ஸ் முதலில் பிரிவது கவட்டையில்தான். நான்கு தையல்கள் வந்து கூடும் அந்த இடத்தை இரு கட்டைவிரலால் அகட்டிப் பாருங்கள். நூலுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால், இரண்டே மாதத்தில் தையல்காரரிடம் போக வேண்டியிருக்கும். வெளிப்பக்கக் கால் தையலில் ஓவர்லாக் இருப்பது சாதாரணம்தான், அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பாக்கெட் ஓரம், பெல்ட் லூப்பின் இரு முனை, ஜிப் பட்டியின் அடி ஆகிய இடங்களில் நெருக்கமான குட்டைத் தையல் இருக்கும். பார்டாக் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 28 அல்லது 42 குத்து என்று மெஷினிலேயே அமைத்திருப்பார்கள். இது இல்லாமல் சாதாரணத் தையலை முன்னும் பின்னும் ஓட்டி முடித்திருந்தால் பெல்ட் லூப் பிய்ந்து வரும். முன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். மணிக்கட்டுவரை போக வேண்டும். விரல் மடங்கும்போதே அடி தட்டினால் துணியைக் குறைத்திருக்கிறார்கள். பாக்கெட் பைத் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், அப்பால் இருக்கும் விரல் தெளிவாகத் தெரிந்தால் சாவிக்கொத்து அதை ஓட்டை போட்டுவிடும்.

ஜிப்பை மேலே ஏற்றி, இழுப்பானைக் கீழ்நோக்கிப் படுக்க வைத்து, இரண்டு பக்கத் துணியையும் பிரித்து இழுங்கள். நல்ல ஜிப் அசையாமல் பூட்டி நிற்கும், பூட்டில்லாதது சரிந்து இறங்கும். ‘ஒய்.கே.கே.’ என்று பெயர்பெற்ற ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயரைப் பொறித்திருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அந்த எழுத்தையும் பொறிக்கிறார்கள், அசல் நிறுவனங்கள் பலவும் வேறு ஜிப்புகளைப் பயன்படுத்துகின்றன. பட்டனின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். கூரான முனை நகத்தில் இடறினால் அது சரியாக அழுத்தப்படாத பட்டன். சீக்கிரமே கழன்று விழும், இல்லையென்றால் வயிற்றைக் கீறும். பாக்கெட் மூலையில் உள்ள ரிவெட்டில், அதாவது உலோகக் குமிழ் ஆணியில், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஒட்டினால் செம்பு முலாம் பூசிய இரும்பு, மழையில் துருப்பிடிக்கும். ஆனால் அசல் பிராண்டுகளிலும் இரும்பு ரிவெட் உண்டு. அதனால் இது தரத்துக்கான சோதனையே தவிர, அசலா போலியா என்பதற்கானது அல்ல.

அளவில்தான் திருப்பி அனுப்பும் தொல்லை அதிகம். 32 என்று எழுதிய ஜீன்ஸின் இடுப்பை அளந்தால் 33, 34 அங்குலம்கூட வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஆகவே உடம்பை அளக்காமல், வீட்டில் நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸைத் தரையில் விரித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டையின் அகலம், கவட்டையிலிருந்து முன் இடுப்புப் பட்டை வரையிலான உயரம், கவட்டைக்கு ஓர் அங்குலம் கீழே தொடை அகலம், கால் மடிப்பின் அகலம், உள்கால் நீளம் ஆகிய ஐந்தும் போதும். தளத்தின் அளவு அட்டவணை உடம்பின் அளவைச் சொல்கிறதா, ஆடையின் அளவைச் சொல்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் தொடைப் பகுதியில் குறுக்காக 10 சென்டிமீட்டரை விரலால் குறித்துக்கொண்டு, நன்றாக இழுத்து அரை நிமிடம் பிடித்து விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. அரை சென்டிமீட்டர் கூடி நின்றால் ஒரே நாளில் முட்டி தொங்கிப்போகும். எலாஸ்டேனுக்குச் சூடும் குளோரின் பிளீச்சும் பகை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பலரும் தாமதமாகக் கண்டுபிடிக்கும் குறை ஒன்று உண்டு. இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு ஒரு காலின் பக்கத் தையல் சுற்றிக்கொண்டு முழங்காலுக்கு முன்னால் வந்துவிடும். டெனிமின் சாய்வரி நெசவு தண்ணீர் பட்டதும் ஒரு பக்கமாக இழுக்கும் குணம் கொண்டது. நல்ல ஆலையில் துணியை அனுப்பும் முன்பே இந்த இழுப்பைச் சரிசெய்துவிடுவார்கள். அதைச் செய்யாத துணியிலும், துணியை மிச்சம் பிடிக்க நூலோட்டத்துக்குக் கோணலாக வெட்டிய காலிலும் இந்த முறுக்கல் வரும். புதிதாக இருக்கும்போதே இடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு தையலும் காலின் இரு ஓரத்திலும் நேராக இறங்க வேண்டும். அதே வேளையில் பகல் வெளிச்சத்தில் இடது காலையும் வலது காலையும் ஒட்டிப் பிடித்தால், வெவ்வேறு துணிச் சுருளில் வெட்டிய நிற வேறுபாடும் தெரிந்துவிடும்.

இனி அசல், போலி விவகாரம். ஜேக்கப் டேவிஸ் என்கிற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸும் ரிவெட் அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றது 1873 மே 20 அன்று. அதற்குப் பிறகு லீவைஸ் நிறுவனம் சேர்த்த ஒவ்வொரு அடையாளமும், 1886-இன் இரட்டைக் குதிரைப் பட்டையும் சரி, 1936-இல் பின் பாக்கெட்டில் வந்த சின்னச் சிவப்புத் துணியும் சரி, ‘நகலிலிருந்து எங்களைப் பிரித்துப் பாருங்கள்’ என்பதற்காகவே. இன்று அந்த அடையாளங்களைப் பற்றிய தவறான நம்பிக்கைகளே வாங்குபவரைக் குழப்புகின்றன. சிவப்புத் துணியில் பெயர் இல்லாமல் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறி மட்டும் இருந்தால் போலி என்கிறார்கள். நிறுவனமே ஒரு பகுதி ஜீன்ஸ்களில் அப்படித்தான் தைக்கிறது, துணியின் மீதான வணிகக்குறி உரிமையைக் காப்பதற்காக. பட்டை தோலாக இல்லாமல் அட்டை போல இருந்தால் போலி என்கிறார்கள். இப்போதைய அசலில் பெரும்பாலும் அட்டை போன்ற பொருள்தான். பழைய ஜீன்ஸ் என்று பெரும் விலை சொல்லி விற்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சிவப்புத் துணியில் உள்ள ஆங்கிலப் பெயரின் இரண்டாம் எழுத்து பெரிய ‘ஈ’யிலிருந்து சின்ன எழுத்துக்கு மாறியது 1971-இல். 1960-களின் ஜீன்ஸ் என்று விற்கும் ஒன்றில் சின்ன எழுத்து இருந்தால் கணக்கு உதைக்கிறது.

எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தொங்கும் அட்டையில் உள்ள ஸ்டைல் எண், உள்ளே தைத்த லேபிளில் உள்ள எண், பில்லில் உள்ள எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். போலிகளில் எல்லா அளவுக்கும் ஒரே பார்கோடை அச்சடித்து ஒட்டுவது வழக்கம். 890 என்று தொடங்கும் பார்கோடு இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட எண் என்பதைத்தான் காட்டும், இந்தியாவில் தைத்தது என்பதை அல்ல. கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் நிறுவனத்தின் முகப்புப் பக்கம் மட்டும் திறக்கிறது என்றால் அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

‘செல்வெட்ஜ்’ என்று கூடுதல் விலை வாங்கும் போலிகளும் வரத் தொடங்கிவிட்டன. வேட்டியின் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாத் தறியில் (ஊடை நூலைச் சுமந்த ஓடம் இருபுறமும் ஓடும் தறி) ஊடை நூல் ஓரத்தில் திரும்பி மீண்டும் உள்ளே போவதால் விளிம்பு தானாகவே கட்டுப்பட்டு நிற்கும். அதுதான் செல்வெட்ஜ். கால் மடிப்பைத் திருப்பினால் வெளிப்பக்கத் தையலின் இரு ஓரமும் வெள்ளைக் கரையாக, நடுவே ஒரு வண்ண நூலோடு இருக்கும், ஓவர்லாக் இருக்காது. போலியில் ஓவர்லாக்கின் மேல் சிவப்புக் கோடு போட்ட துணிப்பட்டையை ஒட்டித் தைத்திருப்பார்கள். நகத்தால் தூக்கினால் அந்தப் பட்டை தனியே எழும்பும்.

‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை வெளியே விற்கும்போது பெரும்பாலும் பிராண்ட் லேபிளை வெட்டிவிடுவார்கள், அல்லது குறுக்கே கோடு போட்டுவிடுவார்கள். லேபிள், அட்டை, ரிவெட் எல்லாம் பளபளவென்று முழுமையாக இருந்து, எல்லா அளவிலும் வேண்டிய அளவு கிடைக்கிறது என்றால் அது மிச்சச் சரக்கு அல்ல, புதிதாகச் செய்த நகல். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று வெளிப்படையாகவே விற்பதும் குற்றம்தான். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி போலி வணிகக்குறியிட்ட பொருளை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சோதனை எல்லாவற்றையும் அட்டையைக் கழற்றாமல், துவைக்காமல், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். வாங்கும் அன்றே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் விவரத்தை மாற்றிவிடுவார்கள். பார்சலில் ஒட்டிய முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, பிரித்து உள்ளே இருக்கும் லேபிள் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் விற்பவரின் சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் வரும். இரண்டில் எதுவுமே பில்லில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் ஜீன்ஸைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் போலியாகவோ குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘ஜீன்ஸ் நன்றாக இல்லை’ என்று எழுதினால் பதில் வராது. ‘98 சதவீதம் பருத்தி, 12 அவுன்ஸ் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். 32 அளவு ஜீன்ஸின் எடை 390 கிராம், துணி அச்சடித்தது, படங்கள் இணைப்பில்’ என்று எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பொட்டலமிடாமல் விற்கும் ஆடைகளில், எஸ், எம், எல் என்ற குறியோடு சென்டிமீட்டரிலும் அளவைக் குறிக்கச் சொல்லி 2022-இல் சட்ட அளவியல் விதிகளைத் திருத்தினார்கள். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கடை ஆடைக்கே இது தேவை என்றால், கண்ணால் மட்டும் பார்த்து வாங்கும் இணைய ஆடைக்கு இன்னும் அதிகம் தேவை. விற்பனைப் பக்கத்தில் நூல் கலவையைச் சதவீதத்திலும், துணியின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்றும், தைத்த ஆடையின் இடுப்பு, தொடை, உள்கால் அளவுகளைச் சென்டிமீட்டரிலும் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தைக்கும் இடத்தில் இந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே தாளில் இருக்கின்றன. அவை இல்லாமல் எந்த ஆலையும் துணியை விற்பதில்லை, எந்த மாஸ்டரும் வெட்டுவதில்லை. வாங்குபவர் கண்ணிலும் அவை பட வேண்டும்.

இப்படிக்கு,
ஆடைத் தரச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்